தென்பெண்ணை சுமந்து வருவது

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்துக்குரிய விலங்கு, மரம், பறவை, உணவு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்தது தொல்காப்பியம். நிலத்துக்கும் உயிருக்கும் உள்ள உறவைப் பாட்டிலக்கணமாகவே ஆக்கிக்கொண்ட மொழியில் கவி பாடுவோர், ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் கருப்பொருள்கள் இன்று எவை எனக் கேட்டல் தகும்.

ராகி முதிரும் பருவத்தில் பன்னேர்கட்டாக் காடுகளிலிருந்து தளி, ஜவளகிரி வழியே யானைக் கூட்டங்கள் வருகின்றன. உழவருக்கு அது தூக்கமற்ற காலம். பரணில் இருப்பவரிடம் யானையின் பெருமை பேசுவது எளிதன்று. வளர்ந்த யானையொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி தின்னும். அதில் பாதிகூடச் செரிப்பதில்லை. எஞ்சியது சாணமாக விழுகிறது. வண்டு உருட்டுகிறது, கறையான் அரிக்கிறது, விதை முளைக்கிறது. கதிரில் அடைபட்ட வெயிலோ யானையின் உடல் வெப்பமாகக் காற்றில் கலந்து போய்விடுகிறது. அதை மீண்டும் பிடிக்க எந்த வண்டாலும் ஆகாது.

இந்த வேறுபாடே சூழலியலின் அடிப்படை. ஆற்றல் ஒருவழிப் பயணி. பொருள் சுற்றி வருவது. ஏரியொன்றின் உயிர்களை ஆற்றலின் ஓட்டமாகக் கணக்கிட்ட அமெரிக்க அறிஞர் ரேமண்ட் லிண்டிமன், 1942இல் தம் கட்டுரை அச்சேறுமுன் 26 வயதில் மறைந்தார். உண்ணப்படும் உயிரிலிருந்து உண்ணும் உயிருக்குப் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே சேரும் என்னும் கணக்கு அவர் திறந்த வழியில் வந்ததே.

பொருள் சுற்றி வரும் என்றால், எங்கே சுற்றி வரும்? நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூரின் கிழக்கே இறங்கி, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் தேங்கும் மாநகரக் கழிவுநீரும் அதனோடு சேர்கிறது. பெல்லந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்ததை 2017இலும் 2018இலும் நாடே கண்டது. மழை மிகுந்து மதகு திறக்கும் நாட்களில் கெலவரப்பள்ளியில் நுரை குன்றாக எழுந்து சாலையிலும் வயலிலும் பறக்கிறது. சோப்புத்தூளின் சிதையாத கூறுகள், விழும் நீரில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் விளையும் நுரை அது.

கண்ணுக்குத் தெரியும் நுரை காற்றில் கலைந்துவிடும். பாஸ்பரஸ் கலையாது. நைட்ரஜனை நுண்ணுயிர்கள் வளிமண்டலத்துக்குத் திருப்பி அனுப்பும். பாஸ்பரஸுக்கு அவ்வழி இல்லை. மொராக்கோ போன்ற நாடுகளின் பாறையில் வெட்டப்பட்டு, கப்பலேறி, உரமாகி, தானியமாகி, மாநகரத்தாரின் இலையில் விழுந்து, சாக்கடை வழியே அது ஓசூருக்கு வந்து சேர்கிறது. வளமென்றே அதற்குப் பெயர். ஆனால் தேங்கிய நீரில் அவ்வளம் ஆகாயத்தாமரையையும் பாசியையும் கொழுக்கச் செய்கிறது. அவை மடிந்து அழுகுகையில் நீரின் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மூச்சுமுட்டி மிதக்கின்றன. ஊட்டம் மிகுந்ததால் உயிர் போகும் முரண் கவிஞர்க்குப் புதிதாயிராது.

தமிழகத்து உழவர் இதற்கொரு விடை வைத்திருந்தனர். கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை வண்டியில் அள்ளி வயலுக்கு அடிப்பர். மேட்டிலிருந்து மழை அரித்துக் கொணர்ந்தது மறுபடி மேட்டுக்கே ஏறும், வட்டம் மூடிக்கொள்ளும். மாநகரக் கழிவும் ஆலைக் கழிவும் சேரும் ஆற்றின் வண்டலில் பாஸ்பரஸோடு உலோகங்களும் படியக்கூடும். அவை பயிரில் ஏறுமா என ஆய்ந்தறியாமல் அதை வயலில் இடுவதற்கில்லை. அள்ளாமல் விட்டாலோ, வெள்ளத்தில் கிளறப்பட்டுக் கிருஷ்ணகிரி அணைக்கும், சாத்தனூருக்கும், கடைசியில் கடலூர்க் கடலுக்கும் அது இறங்கிப்போகும். கெலவரப்பள்ளிக் கால்வாயை நம்பிய உழவர், நுரை அடங்கட்டும் என்று காத்திருந்து அந்நீரையே பாய்ச்சுகின்றனர். பாய்ச்ச வேறு நீர் அவர்களுக்கு இல்லை.