கரண்ட் போனால் சோலாரும் ஏன் நிற்கிறது?

மாடியில் சோலார் போட்டவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "வெயில் கொளுத்துகிறது, பேனலும் நன்றாக இருக்கிறது. தெருவில் கரண்ட் போனால் என் சோலாரும் ஏன் நின்றுவிடுகிறது?"

பேட்டரி இல்லாமல், மின்வாரிய லைனோடு இணைத்த சோலார் அப்படித்தான் நிற்கும், நிற்கவும் வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

11,000 வோல்ட் கம்பி ஒன்று அறுந்து தரையில் விழுகிறது என்று வையுங்கள். மின்துறையினர் இதை எர்த் ஃபால்ட் என்பார்கள். மின்சாரம் மண் வழியே துணை மின்நிலையத்துக்குத் திரும்பும். மூன்று கம்பிகளின் மின்னோட்டம் சமன் குலைந்ததை அங்குள்ள ரிலே என்ற காவல் கருவி உணர்ந்து, பிரேக்கரைத் திறந்து லைனைத் துண்டித்துவிடும். மின்சாரம் ஒரே பக்கமிருந்து வந்த காலத்தில் அந்த ஒரு காவலே போதுமானதாக இருந்தது.

இப்போது அதே லைனில் வீட்டுக்கு வீடு சோலார். பிரேக்கர் திறந்த பிறகும் இவை ஓடினால், அந்த மின்சாரம் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மேலேறி, விழுந்து கிடக்கும் கம்பியிலும் பாயும். டிரான்ஸ்ஃபார்மரின் 11,000 வோல்ட் பக்கம் டெல்டா இணைப்பு. அதற்கு மண்ணோடு தொடர்பில்லை. அதனால் விழுந்த கம்பியில் ஓடும் மின்னோட்டம் சொற்பம்தான். அதை ரிலேயும் ஃபியூஸும் கண்டுகொள்ளாது. ஆனால் ஆபத்து சொற்பமல்ல. விழாத இரண்டு கம்பிகளில், தரைக்கு எதிரான வோல்டேஜ் 1.73 மடங்கு வரை ஏறும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பம் ஏறும் ஊழியரின் உயிருக்கே உலை.

அதனால்தான், லைன் இப்படித் துண்டிக்கப்பட்டால் 2 நொடிக்குள் சோலார் விலகிவிட வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிமுறைகள் சொல்கின்றன. வீட்டு இன்வெர்ட்டரே இதைச் செய்துவிடும். 11,000 வோல்ட்டில் இணையும் பெரிய சோலார் நிலையங்களுக்கு, மின்னோட்டத்தை மட்டும் நம்பாமல் மூன்று கம்பிகளின் வோல்டேஜ் சமன் குலைவதைப் பார்க்கும் ரிலேயும் தேவை.

நேயர்களே, கரண்ட் போனால் தானாக விலகும் இன்வெர்ட்டரின் இந்த அமைப்பை யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். ஜெனரேட்டரும் இதேபோல் லைனில் மின்சாரம் ஏற்றலாம் என்பதால், அதை வைத்திருப்போர் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்காதீர்கள். காய்ந்த மணலிலோ தார்ச் சாலையிலோ விழுந்த கம்பியை ரிலே கண்டுபிடிக்காமலே போகலாம். ஆகவே தெரு முழுக்க இருண்டிருந்தாலும் அறுந்த கம்பியின் அருகே போகாதீர்கள், மற்றவர்களையும் விடாதீர்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.