திருத்துழாயும் அதன் சுற்றமும்



பெருமாள் திருக்கோயிலுட் புகுந்து வணங்குவோர்க்குத் தீர்த்தமும் திருத்துழாயும் சடாரியும் பெறற்கரும் பேறுகளாகக் கிடைக்கின்றன. உள்ளங்கையில் விழும் அவ்விரண்டு இலைகளைக் கண்களில் ஒற்றி, வாயிலிட்டு மகிழ்ந்து செல்லும் அன்பர்கள் பல்லாயிரவர். அவ்விலை எச்செடியினது, அப்பெயரைத் தாங்கி நிற்கும் பிற செடிகள் யாவை என்று உசாவுவோர் மிகச் சிலரே.

இக்காலத்தில் நாற்றுப் பண்ணைகளிலும் தெருவோரக் கடைகளிலும் துளசி என்னும் ஒரு பெயரின்கீழ் நான்கைந்து வகைச் செடிகள் விலைக்குக் கிடைக்கின்றன. மாடத்தில் வைத்து வணங்குதற்குரியது ஒன்று. குடிநீரில் ஊறவைத்தற்குரிய விதையைத் தருவது ஒன்று. மணத்திற்காக மட்டும் வளர்க்கத் தக்கது ஒன்று. வேறுபாடறியாது ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால் வழிபாட்டு மரபு பிழைபடும். அதனினும் மேலாக, இல்லத்துக் குழந்தைகளின் உடல்நலத்திற்கே ஊறு நேரவும் கூடும். ஆதலின், துளசியை வணங்குவோர் துளசியை அறிந்திருத்தலும் இன்றியமையாததாகும்.

பெயர்ச் சிறப்பு

துளசி என்னும் வடசொல் வழக்கு ஓங்கும் முன்னரே தமிழில் இச்செடிக்குத் துழாய் என்னும் பெயர் வழங்கியது. பதிற்றுப்பத்தின் முப்பத்தோராம் பாட்டு, துழாய் மாலை அணிந்த செல்வனாகத் திருமாலைக் குறிக்கின்றது. துளவு, துளவம் என்பனவும் இலக்கிய வழக்கில் உள்ளனவே. ஆழ்வார்களின் அருளிச்செயல்களில் துழாய் என்னும் சொல் எண்ணற்ற இடங்களில் பயின்று வருகின்றது. வைணவப் பெரியோர் இதனை வறிதே துழாய் என்னாது, 'திரு' என்னும் அடைமொழி சேர்த்துத் திருத்துழாய் என்றே வழங்குவர்.

மேலைநாட்டுத் தாவர நூலாரிடத்தும் இதற்கு ஒரு பெயர் வரலாறு உண்டு. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753-ஆம் ஆண்டில் இதற்கு 'ஓசிமம் டெனுயிபுளோரம்' என்று பெயரிட்டார். மெல்லிய பூக்களையுடையது என்பது அதன் பொருள். அவரே 1767-ஆம் ஆண்டில் 'ஓசிமம் சாங்டம்' என மற்றொரு பெயரும் இட்டார். புனிதமானது என்பது அதன் பொருள். ஒரே செடிக்கு இரு பெயர் அமைந்தால் முந்தையதே நிலைக்கும் என்பது தாவர நூலார் விதி. ஆதலால் இன்று முதற்பெயரே முறையான பெயராகக் கொள்ளப்படுகின்றது. எனினும் புனிதம் என்னும் பொருள்தரும் இரண்டாம் பெயரும் நூல்களில் இன்னும் வழங்கியே வருகின்றது.

குடும்ப அடையாளம்

துளசியின் தண்டை விரல்களால் உருட்டிப் பார்த்தால் அது உருண்டையாக இராது, நாற்கோணமாக இருத்தலை உணரலாம். இலைகள் இணை இணையாக எதிரெதிரே தோன்றும். ஓர் இணை கிழக்கு மேற்காக அமைந்தால் அடுத்த இணை தெற்கு வடக்காக அமையும். பூ உதடு பிளந்தாற்போன்ற வடிவினது. ஒவ்வொரு பூவும் காய்த்து நான்கு சிறு விதைகளைத் தரும். இவ்வடையாளங்கள் புதினாவிற்கும் உண்டு, தும்பைக்கும் உண்டு. சிவபெருமானுக்கு உகந்த தும்பையும் திருமாலுக்கு உகந்த துளசியும் ஒரே குடும்பத்துப் பிறந்தவை என்பது எண்ணி மகிழத்தக்கது.

வெண்துளசியும் கருந்துளசியும்

திருத்துழாய் எனப்படும் உண்மைத் துளசி இருநிறத்தது. இலையும் தண்டும் பசுமையாக இருப்பது வெண்துளசி. இதனை இராம துளசி என்றும் கூறுவர். தண்டும் இலைக்காம்பும் இலையும் ஊதா கலந்த கருமை பெற்றிருப்பது கருந்துளசி. இது கிருஷ்ண துளசி எனப்படும். வெண்துளசியின் மணம் மென்மையானது. கருந்துளசி மென்றால் மிளகுபோல் சற்றே உறைக்கும். இரண்டும் நிறத்தால் வேறுபட்டனவேயன்றி இனத்தால் ஒன்றே. நீலமேனியனாகிய கண்ணனுக்குக் கருந்துளசி உகந்தது என அன்பர் கருதுவர்; ஆயினும் திருக்கோயில்களில் இரண்டுமே சாற்றப்பெறுகின்றன.

உண்மைத் துளசியைக் காண்பதற்கு மூன்று அடையாளங்களைக் கருத்திற் கொள்ளலாம். இலையின் ஓரம் சிறு பற்கள் போல அமைந்திருக்கும். இளந்தண்டில் மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். இலையைக் கசக்கினால் கிராம்பை நினைவூட்டும் மணம் எழும். கிராம்பிற்கு மணந்தரும் 'யூஜினால்' என்னும் பொருளே துளசியிலும் இருத்தல் அதற்குக் காரணம். 2015-ஆம் ஆண்டில் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்து ஆய்வாளர்கள் கருந்துளசியின் மரபணுத் தொகுதியைப் படித்தறிந்து வெளியிட்டனர். இலக்னோவில் உள்ள மத்திய மருந்து மற்றும் நறுமணத் தாவர ஆராய்ச்சி நிறுவனத்தார் யூஜினால் மிகுந்த 'சிம் ஆயு' என்னும் துளசி வகையினை உழவர்க்கென உருவாக்கி அளித்துள்ளனர்.

பெருந்துளசி

ஆளுயரம் வரை புதராக வளர்வது பெருந்துளசி. இலை அகன்று நீண்டு, திருத்துழாயின் இலையினும் பன்மடங்கு பெரிதாக இருக்கும். எலுமிச்சந் துளசி, காட்டுத் துளசி என்றும் இதற்குப் பெயர் உண்டு. வடநாட்டார் வன துளசி என்பர். இதன் மணம் இடத்திற்கு இடம் மாறும். சில கிராம்பு போலவும் சில ஓமம் போலவும் மணக்கும். மேற்கு ஆப்பிரிக்க நாட்டினர் இதன் இலையைக் கீரையாகவே சமைத்து உண்கின்றனர். தொட்டியில் வைத்த துளசி ஓராண்டில் தோளுயரம் வளர்ந்துவிட்டது என்று வியப்போர், தம்மிடம் இருப்பது பெருந்துளசி என்று அறிந்துகொள்ளலாம்.

நாய்த்துளசி

தரிசு நிலங்களிலும் வழியோரங்களிலும் தானே முளைத்துக் கிடக்கும் சிறு செடி நாய்த்துளசி. கஞ்சாங்கோரை என்பதும் இதுவே. இலை சிறுத்துக் குறுகியிருக்கும். பூ வெண்மையாக இருக்கும். 'அமெரிக்கானம்' என்று தாவர நூலார் இதற்குப் பெயரிட்டிருப்பினும், இதன் தாயகம் ஆப்பிரிக்காவும் ஆசியாவுமே ஆகும்.

நாய் என்னும் அடைமொழியைக் கேட்டு இச்செடியை இழித்தல் வேண்டா. பயிரிடாமல் தானே வளரும் செடிக்கு நாய், பேய், காடு என்னும் சொற்களை முன்னொட்டாகத் தருதல் தமிழ் வழக்கு. நாய்வேளை, பேய்ப்புடல், காட்டாமணக்கு என வருவன காண்க. மனிதன் நீர் வார்க்கவில்லை என்பதைக் குறிப்பதே அன்றி, இறைவன் படைப்பில் அது தாழ்ந்தது என்று உரைப்பதன்று அச்சொல். நாட்டு மருத்துவத்தில் இதற்குத் தனியிடம் உண்டு. எனினும் பூசைக்குரிய துளசி இதுவன்று.

திருநீற்றுப் பச்சிலை

திருமாலுக்குத் துழாய் இருத்தல் போலத் திருநீற்றின் பெயரையே தாங்கி நிற்பது இப்பச்சிலை. உருத்திரச்சடை என்னும் பெயரும் இதற்கு உண்டு. இலை வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும், மணம் இனிமையானது. மாலைகளில் பூக்களின் இடையே பச்சையாகத் தொடுக்கப்படுவதும் உண்டு. இதன் கருநிற விதையே சப்ஜா விதை. நீரிலிட்ட சிறிது நேரத்தில் ஒவ்வொரு விதையும் வெண்கூழ் போர்த்துப் பருக்கும். கோடைக்காலத்தில் நன்னாரிச் சர்பத்திலும் பாலூதாவிலும் மிதப்பது இதுவே. உலர்ந்த விதையை அப்படியே விழுங்குதல் கூடாது. தொண்டையில் பருத்து அடைத்துக்கொள்ளும். நன்கு ஊறிய பின்னரே பருகுதல் வேண்டும். சிறுவர்க்குக் கொடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

மேலைநாட்டார் பேசில் என்று கூறுவது இதனையே. அரசனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். கிரேக்க மரபுக் கிறித்தவத் திருச்சபையில் புனித நீர் தெளிப்பதற்கு இதன் கொத்தினைப் பயன்படுத்துகின்றனர். தீர்த்தமும் நறும்பச்சிலையும் இணைவது பிற நாட்டு வழிபாட்டிலும் காணப்படுகின்றது.

கற்பூரத் துளசி

அன்பர்கள் மிகுந்த கருத்துடன் அறிய வேண்டியது கற்பூரத் துளசி. இது ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலையின் பெயரால் தாவர நூலாரால் வழங்கப்படுவது. பிற்காலத்தில் இந்நாட்டிற்கு வந்தது. சாம்பல் படர்ந்த மென்மயிர் இலையும், கசக்கிய உடனே எழும் கற்பூர மணமும் இதன் அடையாளங்கள். மணம் கருதி இதனையே துளசி மாடத்தில் நட்டு, நாள்தோறும் தீர்த்தத்தில் இடுதல் முறையன்று. கற்பூரம் அளவு மீறி உடலுட் சென்றால் நஞ்சாகும். சிறு குழந்தைகளுக்கு வலிப்பும் உண்டாக்கும். தீர்த்தத்தில் பெரியோர் சேர்க்கும் பச்சைக் கற்பூரம் மிகமிகச் சிறிய அளவினது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இங்குப் பெயர் மயக்கமும் ஒன்று உண்டு. குழந்தைகளின் சளி இருமலுக்குப் பாட்டிமார் இலையை வாட்டிச் சாறு பிழிந்து தருவது கற்பூரவல்லி. ஓமவல்லி என்பதும் அதுவே. அதன் இலை தடித்துச் சதைப்பற்றுடன் இருக்கும். ஓமம் போல மணக்கும். கற்பூரத் துளசியின் இலையோ மெல்லியது. கற்பூர மணம் உடையது. பெயரின் முற்பகுதி ஒன்றாயிருத்தல் கண்டு ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கி வந்து குழந்தைக்குப் பிழிந்து புகட்டுதல் பெருந்தீங்காக முடியலாம். வாங்கும்போதே இலையைத் தடவிப் பார்த்தும் கசக்கி முகர்ந்தும் அறிந்துகொள்ளுதல் தாய்மார்களின் கடமையாகும்.

மருந்தும் மதியும்

துளசி நல்மருந்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் மருந்து என்றாலே அளவு உண்டு. குருதி உறையாதிருக்க மருந்து உண்போரும் கருவுற்ற தாய்மாரும், தீர்த்தத்தோடு பெறும் ஓரிலைக்கு மேலாகக் கைநிறைய அரைத்து உண்ண விரும்பினால் மருத்துவரைக் கேட்டே செய்தல் வேண்டும்.

துளசி இரவிலும் பிராணவாயுவை வெளியிடும் என்று சிலர் மேடைகளில் கூறுவர். அது பொருந்தாது, ஏனைய பச்சிலைகளைப் போலவே துளசியும் கதிரொளி உள்ளபோதுதான் பிராணவாயுவை வெளியிடும். ஆழ்வார்கள் நெஞ்சில் நின்ற செடிக்கு இல்லாத பெருமையைப் புனைந்து ஏற்ற வேண்டுவதில்லை.

வளர்க்கும் முறை

தேனீக்கள் பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டு செல்வதால், விதையிலிருந்து முளைக்கும் கன்றுகள் தாய்ச்செடியை முற்றும் ஒத்திருப்பதில்லை. கருந்துளசியின் விதையிலிருந்து பசுங்கன்றுகளும் தோன்றுதல் உண்டு. நிறமும் மணமும் மாறாது வேண்டுவோர், பூக்காத இளங்கிளையின் நுனியை ஒரு சாண் அளவு கிள்ளி, அடியிலைகளை நீக்கி, ஈர மண்ணில் நிழலில் நட்டு வேரூன்றச் செய்தல் வேண்டும். வேரூன்றிய கன்றுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமேனும் வெயில் கிடைத்தல் நன்று. அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகும்.

கதிராகப் பூக்கும் மஞ்சரியை முற்றவிட்டால் செடியின் வளர்ச்சி தளரும். இளமையிலேயே கிள்ளினால் பக்கக் கிளைகள் தழைத்து வாழ்நாள் நீளும். மஞ்சரியோடு கிள்ளிப் பெருமாளுக்குச் சாற்றும் வழக்கம் செடிக்கும் நன்மையே செய்கின்றது. துவாதசியன்றும் மாலை மங்கிய பின்னரும் துளசி பறித்தல் ஆகாது என்றும், முன்னரே பறித்து வைத்தது வாடினும் பூசைக்கு உரியதே என்றும் பெரியோர் வகுத்தனர். அவ்விதியால் செடிக்கு ஓய்வும் கிடைக்கின்றது. இலைக்காகச் செடியையே வேரொடு பிடுங்குதல் எவ்விடத்தும் ஆகாது. பூச்சிக்கொல்லி தெளித்த துளசியைத் தீர்த்தத்தில் இடுதலும் ஆகாது.

நந்தவனத் தொண்டு

திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் பேணிய நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியிலே கண்டெடுக்கப்பெற்றவள் ஆண்டாள். கும்பகோணத்தை அடுத்த திருவிண்ணகரில் மார்க்கண்டேய முனிவர் பூமிதேவியை மகளாகக் கண்டதும் துளசி வனத்திலேதான் என்பது தலவரலாறு. திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வார் பூக்கூடையையும் துளவ மாலையையும் தம் அடையாளமாகக் கொண்டு வாழ்ந்தார். திருமங்கையாழ்வார் அரங்கன் கோயில் மதிலை எழுப்பியபோது அந்நந்தவனம் இடையே நின்றது. அவர் தோட்டத்தைச் சிதைக்காது மதிலை ஒதுக்கிக் கட்டினார் என்று ஆன்றோர் கூறுவர். கல்மதில் ஒரு பச்சிலைத் தோட்டத்திற்காக வளைந்து கொடுத்த வரலாறு அது.

மதில் கட்டும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று; ஒரு துளசிக் கன்றை அறிந்து நட்டு வளர்க்கும் ஆற்றல் எல்லார்க்கும் உண்டு. மாடத்திற்குத் திருத்துழாய், தண்ணீர்ப் பந்தலுக்குத் திருநீற்றுப் பச்சிலையின் விதை, வேலியோரத்திற்குப் பெருந்துளசி என ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துப் பேணுதல் வேண்டும். மாடத்திலிருந்து கிள்ளிய ஒரு கொத்தினை அடுத்த முறை திருக்கோயிலுக்கு வரும்போது கையில் கொணர்ந்து சமர்ப்பித்தல் வேண்டும். அத்தொண்டினைச் செய்வோர் இல்லந்தோறும் துழாய் தழைக்க, நோயற்ற வாழ்வும் திருவருளும் பெற்று இனிது வாழ்வாராக!