குருத்தே உயிர்



பெங்களூரைத் 'தோட்ட நகரம்' என்று சொல்வார்கள். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது யார்? மண்வெட்டி பிடித்த கைகள். பூவாளி சுமந்த தோள்கள்.

1760-ஆம் ஆண்டில் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார். அவர் மகன் திப்பு சுல்தான் அதை வளர்த்தார். ராஜாக்கள் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. குழி தோண்டியவர்கள் பெயர் இல்லை. ஆனால் அவர்கள் நட்ட மரங்களின் வழி வந்த நிழலில்தான் ஊர் உட்கார்ந்திருக்கிறது. திகளர் என்னும் மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே தோட்ட வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து வீட்டுத் தோட்டம் பார்க்கிறவர்களும் நிறையப் பேர்.

இன்று ஒரே ஒரு செடியைப் பற்றிய பேச்சு. அதன் பெயர் மரப்பெரணி.

ஒரு காட்சி

இப்படி நினைத்துப் பாருங்கள். பெங்களூரில் ஒரு வீடு. வீட்டுக்கார அம்மா ஊட்டிக்குப் போய் வருகிறார். அங்கே மரப்பெரணியைப் பார்க்கிறார். குடை விரித்தது போல நிற்கிறது. ஆசை வருகிறது. நிறையப் பணம் கொடுத்து ஒன்றை வாங்கி வருகிறார். தோட்டக்காரரிடம் கொடுக்கிறார்.

தோட்டக்காரர் அதை வெயிலில் நடுகிறார். எல்லாச் செடிக்கும் ஊற்றுவது போல அடியில் மட்டும் தண்ணீர் ஊற்றுகிறார். செடி வாடுகிறது. உரம் போட்டால் தேறும் என்று நினைத்து, ஒரு கைப்பிடி யூரியாவை உச்சியில் போடுகிறார். அவ்வளவுதான். குருத்து கருகிவிடுகிறது.

"என்னப்பா, இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினேன், இப்படிக் காய்ந்து போச்சே!" என்கிறார் அம்மா.

"தினமும் தண்ணி ஊத்தினேம்மா" என்கிறார் தோட்டக்காரர்.

அவர் சொன்னது உண்மை. உழைப்பில் குறை இல்லை. செடியின் குணம் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் பழி யார் தலையில் விழுகிறது? அவர் தலையில்தான். செடியும் போனது, நல்ல பெயரும் போனது.

அதனால்தான் செடியின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரணி என்பது என்ன?

கிணற்றுச் சுவரில், பாறை இடுக்கில், ஈரமான இடத்தில் ஒரு பச்சைச் செடி முளைத்திருக்கும். சீப்பு போல அறுத்த இலை இருக்கும். அதுதான் பெரணி. நர்சரியில் 'ஃபெர்ன்' என்று கேட்டால் கொடுப்பார்கள். பெரணி இனம் மிகப் பழையது. 35 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியில் இருந்தது. அப்போது உலகத்தில் பூ என்பதே கிடையாது.

பெரணி பூக்காது. காய்க்காது. விதையும் இல்லை. பின் எப்படிப் பெருகுகிறது? இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள் இருக்கும். பூச்சி பிடித்திருக்கிறது என்று நினைத்துச் சிலர் இலையைக் கிள்ளி எறிவார்கள். அது நோய் அல்ல. அதற்குள் பொடி போன்ற வித்துத்தூள் இருக்கிறது. அந்தத் தூள்தான் பெரணியின் பிள்ளைகள்.

பெரும்பாலான பெரணிகள் சிறியவை. சில மட்டும் மரம் போல உயரும். அவைதான் மரப்பெரணிகள். தென்னிந்தியாவிலும் இவை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் வளர்கின்றன. 'சயாத்தியா' என்பது இவற்றுக்கு அறிவியல் உலகம் வைத்த பெயர். ஒரு வகைக்கு நீலகிரியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஊட்டி அரசுத் தாவரவியல் பூங்காவில் பெரணிகளுக்கென்றே தனிக் குடில் இருக்கிறது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் மரப்பெரணிகளைப் பார்க்கலாம்.

தென்னையைப் போல

தென்னை மரத்தை எல்லோருக்கும் தெரியும். தென்னைக்கு உயிர் எங்கே இருக்கிறது? குருத்தில். குருத்து அழுகினால் மரம் போச்சு. பக்கத்தில் கிளை வெடிக்காது. மரப்பெரணியும் பெரும்பாலும் அப்படித்தான். உச்சியில் ஒரே ஒரு குருத்து. புது இலைகள் அங்கிருந்துதான் வரும். சுருட்டி வைத்த பாய் போல வந்து மெல்ல விரியும். அந்தச் சுருளைத் தொடக்கூடாது. தொட்டால் ஒடிந்துவிடும்.

தென்னையிலிருந்து ஒரு வேறுபாடும் உண்டு. தென்னையின் தண்டு வழவழப்பாக இருக்கும். மரப்பெரணியின் தண்டைச் சுற்றி, முக்கியமாக அடிப்பகுதியில், கறுப்பு நார் போர்த்தியிருக்கும். அது வெறும் நார் அல்ல, வேர். தண்டுக்கு வெளியே வேர்! அந்த வேரும் ஈரம் கேட்கும். காட்டில் பனியும் தூறலும் தண்டை நனைத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் அந்த வேலையை நம் கை செய்ய வேண்டும். அடியில் மட்டும் ஊற்றினால் போதாது. தண்டையும் நனைக்க வேண்டும்.

இடமும் மண்ணும்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியோ 2,200 மீட்டருக்கும் மேலே. ஊட்டியின் குளிர் இங்கே கிடையாது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் காற்று காய்ந்துவிடும். ஆகவே இடம் பார்த்து நட வேண்டும்.

காலை வெயில் படலாம். மத்தியான வெயில் ஆகாது. வீட்டின் கிழக்குப் பக்கம் அல்லது வடக்குப் பக்கம் நல்லது. மா, பலா போன்ற மரத்தின் அடியில் சல்லடை நிழல் கிடைத்தால் இன்னும் நல்லது. மரம் இல்லையா? பச்சை நிழல் வலை கட்டலாம். வெயிலில் சுடும் கல் சுவருக்குப் பக்கத்தில் நடக்கூடாது. பலத்த காற்று அடிக்கும் மாடி மூலையும் வேண்டாம். காற்று இலையைக் கிழிக்கும், ஈரத்தைக் குடிக்கும்.

மண் கலவை இப்படி இருக்கலாம். செம்மண் 1 பங்கு. மக்கிய இலை 2 பங்கு. ஆற்று மணல் அல்லது பொடிக்கல் 1 பங்கு. கொஞ்சம் கரித்துண்டு. மண் ஈரத்தைப் பிடிக்க வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. தேங்கினால் வேர் அழுகும். சுண்ணாம்பும் கட்டட இடிபாடும் கலந்த மண் ஆகாது.

நடும்போது வேர்க்கட்டியை உடைக்கக்கூடாது. தண்டை மண்ணில் ஆழமாகப் புதைக்கவும் கூடாது. நட்ட பிறகு சுற்றிலும் காய்ந்த இலைகளை மூடாக்காகப் போடலாம். அது ஈரத்தைக் காக்கும். மக்கி உரமாகவும் ஆகும்.

உரம் கொஞ்சம் போதும். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடலாம். அதைத் தண்டிலிருந்து தள்ளி, மண்ணில் போட வேண்டும். குருத்தில் எந்த உரமும் விழக்கூடாது.

தண்ணீர் எங்கே?

'தினமும் நனை என்று சொல்வது எளிது. தண்ணீர் எங்கே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. குடிதண்ணீரைத் தோட்டத்துக்கு ஊற்றக்கூடாது என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். அது சரிதான். காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடு ஏறி வருகிறது. குடம் வைத்து மக்கள் நிற்கும்போது, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

வழி இருக்கிறது. மழைத்தண்ணீர். பெரணிக்குப் பிடித்ததும் அதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள கூரை. அதில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 90 லிட்டர் தண்ணீர் விழும். ஒரு பெரிய டிரம் தண்ணீர் அது! பெங்களூரில் மழைநீர் சேகரிப்புச் சட்டம் 2009-ஆம் ஆண்டில் வந்தது. பெரிய மனைகளில் அதற்கான அமைப்பு இருக்க வேண்டும். வேலை செய்யும் வீட்டில் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். டிரம்மை மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் கொசு முட்டையிடும்.

காய்கறி கழுவிய தண்ணீரையும் ஊற்றலாம். உப்பும் சோப்பும் கலந்திருக்கக் கூடாது. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு அதிகம். அது வேண்டாம். போர் தண்ணீரில் தொட்டி ஓரம் வெள்ளை படிகிறதா? அந்தத் தண்ணீரும் பெரணிக்கு ஆகாது.

கோடையில் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் தண்டை நனைக்க வேண்டும். தெளிப்பான் இருந்தால் குறைந்த தண்ணீர் போதும். தண்டில் ஈரச் சாக்கைத் தளர்வாகச் சுற்றி வைக்கலாம். குருத்தை மூடக்கூடாது. மழைக்காலத்தில் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

வீட்டில் இதற்கெல்லாம் தண்ணீர் இல்லையென்றால் மரப்பெரணி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்வதும் தோட்டக்காரரின் அறிவுதான்.

கண்ணும் மூக்கும் பத்திரம்

முழுக்கக் காய்ந்த இலையை மட்டும் வெட்டுங்கள். பச்சை இலை செடிக்குச் சோறு சமைக்கிறது. அதை வெட்டினால் செடி பட்டினி கிடக்கும். காம்பிலும் உச்சியிலும் மெல்லிய செதிலும் சுணையும் இருக்கும். கண்ணில் விழுந்தால் உறுத்தும். தோல் அரிக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள். மூக்கில் துணி கட்டுங்கள். கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

காட்டுச் செடி வேண்டாம்

இனி ஒரு முக்கியமான சேதி. மரப்பெரணியின் தண்டு நாரை அறுத்து, ஆர்க்கிட் பூச்செடி வளர்க்கும் தொட்டியாகவும் பலகையாகவும் விற்பது உண்டு. அதற்காக உலகில் பல இடங்களில் காட்டு மரப்பெரணிகளை வெட்டினார்கள். ஓர் ஆள் உயரம் வளர அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். வெட்ட ஒரு நிமிடம் போதும். குருத்து போனால் மறுபடி துளிர்க்காது.

1973-ஆம் ஆண்டில் வாஷிங்டனில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. அழிந்துவிடக் கூடிய உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. இந்தியா 1976-இல் அதில் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் சயாத்தியா மரப்பெரணிகளும் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் அவற்றை நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. உள்நாட்டிலும் காப்புக்காட்டில் அனுமதியின்றிச் செடி பிடுங்குவது குற்றம்.

"காட்டில் பிடுங்கினது, விலை குறைவு" என்று யாராவது கொண்டு வரலாம். ஏமாறாதீர்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? தண்டு பருத்திருக்கும். அடிவேர் வெட்டுப்பட்டிருக்கும். இலைகளை நறுக்கியிருப்பார்கள். தொட்டியில் வேர் பிடித்திருக்காது. இப்படிப்பட்ட செடி பிழைப்பதும் அரிது. நர்சரியில் வளர்ந்த கன்று சின்னதாக இருக்கும். அதன் வேர் தொட்டி நிறையப் பரவியிருக்கும். கன்றில் கட்டிய சீட்டைப் படியுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். எழுத்து கற்றது இதற்கும்தானே?

ஆர்க்கிட் வளர்க்க மரப்பெரணி நார் தேவையில்லை. தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் போதும்.

கன்று நீங்களே உண்டாக்கலாம்

இலையின் அடியில் பொட்டுகள் நன்கு பழுத்த பிறகு ஒரு துண்டு இலையை எடுங்கள். காகித உறையில் போட்டு இரண்டு மூன்று நாள் உலர வையுங்கள். உறையின் அடியில் பழுப்புத் தூள் இறங்கும்.

ஒரு சின்னத் தொட்டியில் மக்கிய இலைமண்ணை நிரப்புங்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். மற்ற விதைகளும் பூசணமும் சாகும். மண் நன்கு ஆறிய பிறகு தூளை மேலாகத் தூவுங்கள். மண் போட்டு மூட வேண்டாம். தொட்டியின் வாயைக் கண்ணாடியால் அல்லது பாலித்தீன் தாளால் மூடுங்கள். தண்ணீர்த் தட்டில் நிழலில் வையுங்கள்.

சில வாரங்களில் பாசி போலப் பச்சை படரும். பாசி என்று கொட்டிவிடாதீர்கள்! உற்றுப் பாருங்கள். நகத்தைவிடச் சின்னதாக, இதயம் போன்ற வடிவில் இருக்கும். அதன்மேல் ஈரம் இருந்தால்தான் கரு சேரும். பிறகு குட்டி இலைகள் எழும்பும். பல மாதம் கழித்துத் தனித்தனித் தொட்டியில் மாற்றலாம். தண்டு வைக்கப் பல ஆண்டுகள் ஆகும். பொறுமை வேண்டும். தூவிய தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தண்ணீர் தெளித்த நாள், முதல் இலை வந்த நாள், எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்த நோட்டே உங்களுக்குப் புத்தகம். கன்று பிழைத்தால் அதை விற்கவும் செய்யலாம்.

அன்பானவர்களே, எல்லாவற்றையும் நினைவில் வைக்க வேண்டாம். நாலே சொல் போதும். நிழல் கொடு. தண்டை நனை. குருத்தைத் தொடாதே. காட்டில் பிடுங்காதே.

செடிக்கு உயிர் குருத்தில் இருக்கிறது. தோட்டக்காரருக்கு மதிப்பு அவர் அறிவில் இருக்கிறது. இரண்டையும் காப்போம்.