சிரமதானம் வேறு, உரிமை வேறு

(வலிகாமத்துக் கிராமமொன்றின் சனசமூக நிலைய ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிருவாக சபையின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நிலையத்தின் மற்றுமோர் ஆண்டு நிறைவெய்திவிட்டது. வரவு செலவுக் கணக்கைத் தனாதிகாரி சற்று முன்னர் வரிவரியாக வாசித்தார். வாசிகசாலைச் சுவரிலும் அது ஒட்டப்பட்டிருக்கிறது. ஐயமுடையோர் எழுந்து கேட்கலாம், கேட்பதற்காகவே இக்கூட்டம். கணக்குக் காட்டாது பொதுப்பணி புரிவோர் எத்துணைப் பெரியவராயினும் மக்களின் நம்பிக்கைக்கு உரியவராகார்.

பொங்கல் விழா, விளையாட்டு விழா, வாணி விழா ஆகிய மூன்றும் சிறப்புற நடந்தேறின. மாணவர்க்கான மாலை வகுப்புகள் தடையின்றி நடைபெற்றன. இவற்றை வெறுங் கேளிக்கையென்றோ சிறு முயற்சியென்றோ எவரும் எண்ணற்க. கிளித்தட்டிலே ஓரணியாய் ஓடிய இளைஞர்களே குளக்கரையிலும் ஒரே வரிசையில் நின்று மண்கூடை மாற்றினர். 1933ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா அவர்கள் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு வாசிகசாலையே பின்னர் யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. 1981இல் அது தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஆயினும் அது மீண்டும் எழுந்தது. ஆதலின் நமது நான்கு மேசைகளையும் நாம் சிறிதென்று கருதவில்லை.

குளம் கற்பித்த பாடம்

இவ்வாண்டின் பெரும்பணி குளத்தைத் துப்புரவாக்கியதே. நமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கித் தங்குவதாலேயே நம் கிணறுகள் ஊறுகின்றன. அந்நீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்குவது குளம். குளம் தூர்ந்தால் மாரிவெள்ளம் ஒழுங்கைகளில் நின்று, பின்பு கடலைச் சென்று சேரும். கோடையிலோ கிணறு வற்றும், கரையோரத்தில் உவரேறும்.

கமநல சேவை நிலையத்தின் அனுமதி பெற்று, குளம் வற்றியிருந்த ஆடி, ஆவணி மாதங்களில் ஞாயிறுதோறும் நாம் மண்வெட்டி ஏந்தினோம். ஆசிரியரும் எழுதுவினைஞரும் கமக்காரரும் ஒரே சேற்றில் நின்றனர். தாய்மார் கூழ் காய்ச்சி அளித்தனர். வண்டலை முன்னோர் செய்தவாறே தோட்டங்களுக்கு ஏற்றினோம். ஆனால் முன்னோர் காணாத ஒன்றையும் நாம் வாரி எடுத்தோம். அது பொலித்தீன் குப்பை. அதனை அங்கே கொட்டியோர் வெளியூரார் அல்லர். அள்ளுவதற்கு நூறு கைகள் வந்தன. கொட்டுவதை நிறுத்த ஒவ்வொரு வீடும் முன்வரல் வேண்டும்.

கிணற்றிலே கவனம்

கமக்காரச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. செம்மண் தோட்டத்தில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நாம் அளவு மீறி இடும் யூரியா முழுவதையும் பயிர் உண்பதில்லை. எஞ்சியது நைத்திரேற்றாக மாறி, பாய்ச்சும் நீரோடு பாறைவெடிப்பு வழியே கிணற்றை அடைகின்றது. மலக்குழிக் கசிவும் அவ்வாறே. ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. மேற்பட்டால் புட்டிப்பால் அருந்தும் பச்சிளங் குழந்தைக்கு ஆபத்து. கொதிக்க வைப்பதால் இந்நஞ்சு நீங்காது என்பதைத் தாய்மார் மனங்கொள்க. ஆகவே, வரும் ஆண்டில் ஒவ்வொரு குடிநீர்க் கிணற்றையும் பரிசோதிப்பிக்கத் தீர்மானித்துள்ளோம்.

யாருடைய கடமை?

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறோம். 'நிலையம் இருக்கும்போது சபை எதற்கு?' எனச் சிலர் எம்மைப் பாராட்டுகின்றனர். அப்பாராட்டை நாம் ஏற்கோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் தெருக்களையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும் சபையின் பொறுப்பிலேயே வைத்துள்ளது.

2018 பெப்ரவரியில் நாம் தெரிந்தெடுத்த மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. அம்மாதம் நடந்திருக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. அதனை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆந் திகதியன்றே மீண்டும் வாக்களித்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நமக்காகப் பேச உறுப்பினர் இருக்கவில்லை. ஆனால் சோலைவரி மட்டும் நின்றுவிடவில்லை!

சிரமதானம் என்பது நாம் மனமுவந்து அளிக்கும் கொடை. தெருவிளக்கும் வடிகாலும் குப்பை அகற்றலும் வரி செலுத்தும் நாம் கேட்டுப் பெறவேண்டிய உரிமை. கொடையைக் காட்டி உரிமையை மறுக்க எவருக்கும் இடமளியோம். சபையின் அடுத்த பாதீடு தயாராகுமுன் நமது தேவைகளை எழுத்தில் கையளிப்போம். பதில் வராவிடின் மீண்டும் எழுதுவோம். சபை அமர்வுக்கும் செல்வோம்.

எல்லா ஒழுங்கைகளும் நமதே

உரிமை கேட்போர் பிறர் உரிமையை மறுத்தல் தகாது. குளத்தின் தென்கரையில் வாழும் மக்களுக்கு ஒருகாலத்தில் இவ்வூர்ப் பொதுக்கிணறு மறுக்கப்பட்டிருந்தது. இத்தகைய தடைகளைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் சட்டப் புத்தகம் மாறிய வேகத்தில் மனங்கள் மாறவில்லை என்பதை இம்மண்டபத்தில் மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. ஆதலினாலேயே இவ்வாண்டு முதன்முதலாகத் தென்கரை ஒழுங்கையைத் திருத்தினோம். 'ஏன் அதை முதலில்?' எனக் கேட்டோர் உளர். அதிக காலம் காத்திருந்தவர் வரிசையில் முன்னே நிற்பதே முறை. எமது விடை அதுவே.

அன்பர்களே! குளத்தைத் தோண்டியதனால் மட்டும் ஊர் உயர்ந்துவிடாது. கூட்டத்துக்கு வருதல், கணக்குக் கேட்டல், மாற்றுக் கருத்தைப் பொறுமையுடன் செவிமடுத்தல், எடுத்த தீர்மானத்துக்குக் கட்டுப்படுதல் ஆகிய இந்நான்குமே சுயாட்சியின் அரிச்சுவடி. தன் ஒழுங்கையை ஆளக் கற்காத மக்கள் தன் நாட்டை ஆளும் தகுதியை எங்கிருந்து பெறுவர்?

புதிய நிருவாக சபையைத் தெரிவு செய்யும் நேரம் வந்துவிட்டது. பின்வரிசையில் நிற்கும் இளைஞர்களும் தாய்மார்களும் முன்னே வருக! தென்கரையிலிருந்தும் பெயர்களை முன்மொழிக!