பக்கத்து வீட்டுச் சத்தம்



"அது அவங்க குடும்ப விஷயம்." இந்த நாலு வார்த்தையைச் சொல்லியே கெங்கவல்லியில் எத்தனை அலறலை மூடி வைத்திருக்கிறோம்! பக்கத்துக் காட்டில் ஆடு மேய்ந்தால் வரப்பிலேயே பஞ்சாயத்து வைக்கிற ஊர் இது. ஒரு பெண்ணின் கை முறிந்தால் மட்டும் நமக்குக் காது கேட்பதில்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். வாய் திறந்து சொன்னவர்களின் கணக்கு மட்டும்தான் அது. நாடு முழுவதற்கும் எடுத்தால் 29. பெரியார் பிறந்த மண் என்று பீற்றிக்கொள்கிறோமே, இதில்தானா நாட்டை முந்த வேண்டும்?

அடி மட்டும்தான் வன்முறையா? சேகோ ஆலையில் கிழங்கு உரித்த கூலியை வாசலிலேயே பிடுங்கிக்கொள்வதும் வன்முறைதான். பொருளாதார வன்முறை என்றே 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அடையாளங்களைக் கவனியுங்கள்: மகளிர் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்தவள் திடீரென நின்றுவிட்டாளா? சித்திரை வெயிலில் முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்தி வருகிறாளா? புருஷன் முகத்தைப் பார்த்துப் பார்த்தே பதில் சொல்கிறாளா? மாதம் ஒருமுறை "மாட்டுக் கொட்டகையில வழுக்கி விழுந்துட்டேன்" என்கிறாளா? பாவம் அந்த மாடு, அதற்கும் வாயில்லை.

விஷயம் வெளியே வந்தால் பெரிய மனிதர்கள் கூடுவார்கள். அவனுக்கு நாலு திட்டு. அவளுக்கு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா." பஞ்சாயத்துக்குப் போனதற்கும் சேர்த்து அன்றிரவு அடி விழும். இதற்குப் பெயர் தீர்ப்பா? அடிப்பவனுக்கு ஊரே கூடிக் கொடுத்த லைசென்ஸ்!

"ஏன் இன்னும் அவனோட இருக்கே?" என்று அவளைக் கேட்காதீர்கள். கிளம்புகிற நேரத்தில்தான் அவள் உயிருக்கு ஆபத்து அதிகம். தனியாக இருக்கும்போது, "நீ சொல்றதை நம்புறேன், உனக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். அவளுடைய ரேஷன் கார்டு, ஆதார் நகலை உங்கள் வீட்டில் வைத்திருங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடவே போய்க் காயத்தைச் சீட்டில் எழுத வையுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு நடு ராத்திரியிலும் பேசலாம். வீடு அவன் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு.

"நம்ம மேலேயே கேஸ் வந்துட்டா?" என்று பயப்படுகிறவர்கள் அதே 2005 சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படியுங்கள். பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு வராது. சேலத்தில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் பாதுகாப்பு அலுவலரைப் பிடித்துவிடலாம். இன்று ராத்திரி சத்தம் கேட்டால் போய்க் கதவைத் தட்டுங்கள். ஒருவராகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள்.