பிள்ளையின் இரு மொழிகளும் நமது கண்டிப்பும்



கள்ளக்குறிச்சியில் நம்மில் பலருடைய இல்லங்களில் உருதும், தெருவில் தமிழும் வழங்குகின்றன. இரண்டையும் கலந்து பேசும் பிள்ளையை அதட்டுகிறோம். சில வேளைகளில் கையும் ஓங்கிவிடுகிறோம்.

அக்கலப்பு குழப்பத்தின் அடையாளமன்று. ஒரு மொழியில் கிட்டாத சொல்லை மற்றொன்றிலிருந்து எடுத்தாளும் திறமை என்றே குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

இருமொழி அறிவை மழுக்கும் என்ற பழைய எண்ணத்தை, 1962இல் மாண்ட்ரியல் நகரில் பீல், லாம்பர்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு அசைத்தது. ஒடிசாவின் கோந்த் பழங்குடியினரிடையே அஜித் மொகந்தி ஆராய்ந்தார். குயி, ஒடியா இரண்டும் பேசிய பிள்ளைகள், ஒடியா மட்டுமே பேசியவர்களைவிடச் சோதனைகளில் சிறந்து விளங்கினர். நம் கல்வராயன் மலைப் பிள்ளைகளும் வீட்டுப் பேச்சுத்தமிழோடு பாடநூல் தமிழையும் சுமக்கின்றனர். அவர்களுடைய பேச்சை நகைப்பதும் முறையன்று.

"பானி வேணும்" என்னும் பிள்ளையிடம், "பானி ஹோனா?" எனக் கேட்டு நீரைக் கொடுத்தால் அதுவே பாடம். இரண்டு வயதாகியும் எம்மொழியிலும் பேச்சு வராவிடில் மருத்துவரை நாடுவோம். இருமொழியைப் பழிக்க வேண்டா.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடுக்கிறது. பள்ளியில் தகாதது இல்லத்தில் தகுமா? பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறையேனும் கடிந்துகொண்டதில்லை என்பதை அறிவோம். வேளை தவறாமை, வாய்மை ஆகியவற்றில் கண்டிப்பு இருக்கட்டும். பிள்ளையின் நாவை அச்சுறுத்தாதிருப்போமாக.