இலண்டன் மாநகரில் நெறி வழுவா நல்லுணவு

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழ்ச் சமண இல்லங்களிலிருந்து மேற்படிப்புக்காகவும் பணிக்காகவும் பிள்ளைகள் அயல்நாடு செல்வது இக்காலத்தில் அரிய செய்தி அன்று. கல்லூரிக் கட்டணம், விசா, தங்குமிடம் ஆகியவற்றைப் பற்றித் தந்தையார் பல நாள் விசாரித்து வைக்கிறார். பெட்டி கட்டும் வேளையில் தாயார் கேட்பதோ ஒரே கேள்விதான்: "அங்கே போய் என்னப்பா சாப்பிடுவாய்?" புலாலும் கள்ளும் தேனும் நீக்கி, பொழுது சாயுமுன் உண்டு, நோன்பு நாள்களில் கிழங்கு வகைகளையும் விலக்கி வாழும் ஒரு நெறி, வீட்டு வாயிலைக் கடந்த பின்னும் நிலைக்குமா என்பதே அக்கேள்வியின் உட்பொருள்.

இதற்கு விடை காண இலண்டன் மாநகரை எடுத்துக்கொள்வது பொருந்தும். இந்திய மாணவர் பலர் ஆண்டுதோறும் சென்று சேரும் நகரம் அது. இந்திய உணவகங்களுக்கும் பெயர்பெற்றது. அங்கே நெறி வழுவாத நல்லுணவு கிடைக்குமா எனின், கிடைக்கும். ஆயின் வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகையை நம்பி நுழைபவருக்கு அது கிடைப்பது அரிது. கூச்சமின்றிக் கேட்டறிந்து உண்பவருக்கே அது கைகூடும்.

இவ்வழியில் முன்சென்றவர் காந்தியடிகள். 1888ஆம் ஆண்டு, தம் 18ஆம் வயதில், சட்டம் பயில அவர் இலண்டனுக்குப் புறப்பட்டார். மகனை அனுப்பத் தயங்கிய தாயார் புத்லிபாய் அம்மையாரின் கவலையைத் தீர்த்தவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று அத்துறவியின் முன்னிலையில் மகன் உறுதி ஏற்ற பின்னரே தாயார் விடை கொடுத்தார். இலண்டனில் முதல் வாரங்கள் துன்பமாகக் கழிந்தன. தங்கிய வீட்டில் கிடைத்த ரொட்டித் துண்டுகள் பசிக்குப் போதவில்லை. இன்னும் வேண்டும் என்று கேட்க நாணம் தடுத்தது. மரக்கறி உணவகம் தேடி நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். ஒரு நாள் ஃபாரிங்டன் தெருவில் அத்தகைய உணவகம் ஒன்று கண்ணில் பட்டது. இங்கிலாந்து வந்தபின் வயிறார உண்டது அங்கேதான் முதன்முறை என்று தம் வரலாற்றில் அவர் குறித்துள்ளார். மரக்கறி உணவை ஆதரித்து ஹென்றி சால்ட் எழுதிய நூலையும் அங்கேயே ஒரு ஷில்லிங்குக்கு வாங்கினார். தாய்க்குக் கொடுத்த வாக்காக மட்டும் இருந்த நோன்பு, அந்நூலைக் கற்றபின் அவர் தாமே தேர்ந்துகொண்ட கொள்கை ஆயிற்று.

அதன் பின்னும் ஒரு சிக்கல் எழுந்தது. முட்டை புலாலில் சேராது என்று அங்கே சிலர் வாதிட்டனர். அவ்வாதத்துக்கு இணங்கிக் காந்தியடிகளும் சிறிது காலம் முட்டை உண்டார். ஆனால் உறுதிமொழியைக் கேட்டுப் பெற்றவர் தாயார்; தாயார் கருத்தில் முட்டையும் புலாலே; ஆகவே பெற்றவர் கொண்ட பொருளே செல்லும் என்று தெளிந்து அதனை விட்டார். அது முதல், மரக்கறி உணவகத்திலும்கூட எந்தப் பண்டத்தில் முட்டை கலந்துள்ளது என்று கேட்டே உண்ண வேண்டியதாயிற்று. இன்று அந்நகருக்குச் செல்லும் சமணப் பிள்ளைக்கும் அதே நிலைதான்.

இன்றைய இலண்டனில் இந்திய உணவகங்கள் ஏராளம். அவை தோன்றிய வரலாற்றை அறிந்தால், பெயர்ப்பலகை ஏன் போதாது என்பது விளங்கும். பட்னாவில் பிறந்த தீன் முகமது என்பார் 1810இல் போர்ட்மன் சதுக்கத்தை அடுத்த ஜார்ஜ் தெருவில் ஓர் இந்திய உணவகம் திறந்தார். இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய ஆங்கிலேயரே அதன் வாடிக்கையாளர். 1812இல் அவர் நொடித்துப்போனார். 1926இல் ரீஜண்ட் தெருவில் தோன்றிய வீராசாமி உணவகத்தின் பெயர் தமிழ்ச் செவிக்கு இனியது. ஆயினும் அதனை நிறுவியவர் எட்வர்ட் பால்மர் என்பவர். பிற்காலத்தில் நகரெங்கும் பரவிய 'கறி' உணவகங்களில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியினர். பிரிக் லேன் என்னும் தெரு அவர்களால் புகழ்பெற்றது. இவ்வுணவகங்களில் இறைச்சியே தலைமை உணவு. காய்கறி துணை உணவு. சமையலறை ஒன்று, எண்ணெய்ச் சட்டியும் பெரும்பாலும் ஒன்று. அவர்கள் மீது குறை சொல்ல இடமில்லை. அவை வேறு மக்களின் நாவுக்காக அமைந்த சமையலறைகள், அவ்வளவே.

மரக்கறி இந்திய உணவு அந்நகரில் வேரூன்றிய வழி வேறு. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் வணிகம் செய்துவந்த குஜராத்தி மக்கள் 1960களிலிருந்து பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தனர். 1972இல் உகாண்டாவிலிருந்து இடி அமீன் ஆசியர்களை வெளியேற்றியபோது, வீட்டையும் கடையையும் இழந்த பல்லாயிரவர் அங்கே வந்து சேர்ந்தனர். கென்யா முதலிய நாடுகளிலிருந்து வந்தவருள் ஓஸ்வால் சமணரும் பலர். வெம்பிளி, ஹாரோ முதலிய பகுதிகளில் குடியேறிய இம்மக்கள் தம் உணவு நெறியைக் கைவிடவில்லை. அவர்கள் விடாமல் கேட்டதன் பயன் இன்று கண்கூடு. அப்பகுதிக் குஜராத்தி உணவகங்களில் 'ஜெயின்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு முதலியன நீக்கிய உணவு என்று பரிமாறுபவர் உணர்ந்துகொள்வார்.

இனிப் புதிதாகச் செல்வோர் அறியத்தக்க இடங்களைக் காண்போம்.

முதலாவது, யூஸ்டன் தொடர்வண்டி நிலையத்தை அடுத்த டிரம்மண்ட் தெரு. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் உள்ளதால் மாணவர்க்கு ஏற்றது. திவானா பேல் பூரி இல்லம் என்னும் முழு மரக்கறி உணவகம் 1970களின் தொடக்கம் முதல் அத்தெருவில் அறியப்பட்டது. பேல் பூரியும் தோசையும் ஒரே இடத்தில் கிடைக்கும். அதே தெருவில் இறைச்சி சமைக்கும் உணவகங்களும் உள. பெயரைப் பார்த்து நுழைதல் வேண்டும்.

இரண்டாவது, வெம்பிளியின் ஈலிங் சாலை. ஆல்பர்டன் சுரங்க இரயில் நிலையத்தில் இறங்கினால் இச்சாலையிலேயே கால் வைக்கலாம். குஜராத்தியர் கடைகளும் ஈழத்தமிழர் கடைகளும் அருகருகே அமைந்த இடம் இது. சக்கோனிஸ் என்னும் மரக்கறி உணவகம் இங்கே பெயர்பெற்றது. துவரம்பருப்பு, பெருங்காயம், முருங்கைக்காய், வாழைக்காய் முதலியன வாங்கவும் இச்சாலையே உகந்தது.

மூன்றாவது, நீஸ்டனில் 1995இல் திறக்கப்பெற்ற சுவாமிநாராயண் கோயிலைச் சார்ந்த ஷாயோனா உணவகம். நகர நடுவில், சோஹோ தெருவில் இராதாகிருஷ்ணர் கோயிலைச் சார்ந்த கோவிந்தா உணவகமும் இத்தகையதே. இரண்டிலும் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. ஆனால் உருளைக்கிழங்கு அவர்களுக்கு விலக்கு அன்று. கிழங்கு நீக்கி உண்போர் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

நான்காவது, நகரின் கிழக்கேயுள்ள ஈஸ்ட் ஹாம். தமிழ் மொழி காதில் விழும் தெருக்கள் அங்கே உண்டு. சென்னையிலிருந்து சென்ற சரவண பவன் முதல் சிறு சிற்றுண்டிக் கடைகள் வரை இட்லியும் பொங்கலும் கிடைக்கும். தாய்மொழியில் கேட்டறியலாம் என்பது இங்குள்ள பெருநன்மை. ஆயினும் மொழி ஒன்றாயிருப்பதால் உணவும் ஒன்றாகிவிடாது. ஈழத்து முறையில் அரைக்கும் சம்பலில் மாசிக்கருவாடு சேர்வது உண்டு. வடை பொரிந்த எண்ணெயில் இறைச்சி உருண்டையும் பொரிந்திருக்கலாம்.

கடைகள் கை மாறும், இடமும் மாறும். ஆகவே இப்பட்டியலைவிட, எங்கும் பயன்படும் கேள்விகளை மனத்தில் கொள்ளுதல் நன்று.

முதற்கேள்வி முட்டை பற்றியது. இந்தியாவில் பொட்டலத்தின் மேல் பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை இல்லை என்று பொருள். பிரிட்டனில் 'வெஜிட்டேரியன்' என்ற சொல் முட்டையையும் உள்ளடக்கியே வழங்குகிறது. கேக், பிஸ்கட், சில இடங்களில் நான் ரொட்டி ஆகியவற்றிலும் முட்டை கலந்திருக்கும். இங்கே அந்நாட்டுச் சட்டம் துணை நிற்கிறது. ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்கள் உணவில் உள்ளனவா என்று உணவகத்தார் தெரிவித்தே ஆகவேண்டும். அவற்றுள் முட்டையும் மீனும் அடங்கும். எனவே கேட்பவர் எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை; விடை சொல்வது அவர்களது கடமை. வெங்காயம், பூண்டு, கிழங்கு ஆகியன அப்பட்டியலில் இல்லை; அவற்றைத் தனியே கேட்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி, கண்ணுக்குப் புலப்படாத புலால் பற்றியது. சில பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு உறையச் செய்வர். மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கும். வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி போன்ற சிறு மீன் சேர்வது வழக்கம். இனிப்புகளில் தேன் கலந்திருப்பதும் உண்டு.

மூன்றாம் கேள்வி, எண்ணெயும் கரண்டியும் தனியா என்பது. இதற்குத் தெளிவான விடை சொல்லும் உணவகமே நல்லுணவகம். "எல்லாம் சரியாக இருக்கும்" என்று மழுப்பும் இடத்தில் பழம் வாங்கி உண்பது மேல்.

இறுதியாகப் பொழுது பற்றியது. ஜூன் இறுதியில் இலண்டனில் இரவு 9.20 மணியளவில்தான் கதிரவன் மறையும். பொழுதுக்குள் உண்பது எளிது. டிசம்பர் இறுதியிலோ மாலை 4 மணியளவிலேயே மறைந்துவிடும். வகுப்பு முடிந்து உணவகம் தேடிச் சென்றால் நோன்பு நிற்காது. குளிர்காலத்தில் கையில் கட்டிய உணவே துணை. புளிச்சோறும் சப்பாத்தியும் வைத்த ஒரு டப்பாவை வகுப்பு இடைவேளையில் திறந்து உண்ணும் பிள்ளை, எந்த உணவகத்தின் தயவையும் நாட வேண்டியதில்லை.

பெற்றோர் செய்யத்தக்கவை சில உள. மகனாயினும் மகளாயினும் சோறு வடிக்கவும், பருப்பு வேகவைக்கவும், நான்கு குழம்பு வைக்கவும் புறப்படுமுன் கற்பித்தல் வேண்டும். "இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று அயலாரிடம் பணிவாகக் கேட்கும் பழக்கத்தை உள்ளூர் உணவகத்திலேயே தொடங்கிவைத்தல் வேண்டும். நகருக்கு வடக்கே பாட்டர்ஸ் பாரில் ஓஸ்வால் சமணரின் கோயிலும் மையமும் உள்ளன. பிரிவு வேறாயினும் கொல்லாமை நெறி பொதுவே. விழா நாள்களில் அங்கே சென்றுவருமாறு பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏன் இப்படி உண்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். காரணம் அறியாத நோன்பு, "அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை" என்ற முதல் வருத்தத்திலேயே தளர்ந்துவிடும். ஓருயிர்க்கும் ஊறு செய்யாமல் வயிறு நிறைய வழியுண்டு என்று உணர்ந்த பிள்ளை, இலண்டனாயினும் வேறு எம்மாநகராயினும் தனக்குரிய உணவைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளும்.

அறம் வளர்க. அனைத்துயிரும் இன்புறுக.